கூப்பிட்டால் கேட்காத காது

போகிக்கு முதல் நாள் பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் அது இருந்தது. அடியில் ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி, அப்பாவின் பழைய கைப்பெட்டி, நார் பிரிந்த இரண்டு முறம், இவற்றோடு பாலிதீன் பையில் சுற்றி முடிச்சுப் போட்ட ஒரு கம்பியில்லா ஹெட்போன். அதைத் தொங்கவிட்டு சார்ஜ் ஏற்றும் பீடமும் அடாப்டரும், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய ஒயரும் கூடவே இருந்தன. கழிக்க வேண்டியவை ஒரு பக்கம், வைத்துக்கொள்ள வேண்டியவை ஒரு பக்கம் என்று அம்மா பிரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழிக்கும் பக்கம் வைத்தாள். பிறகு எடுத்து, தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி அதே பக்கம் வைத்தாள்.

தூக்கிப்போடப் போகிற பொருளை யாரும் துடைப்பதில்லை. நான் அதைக் கையில் எடுத்தேன்.

2007இல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா அதை அப்பாவுக்காக வாங்கி வந்தார். அண்ணன் அப்போது பிளஸ் டூ. இரவில் டிவி சத்தம் படிப்பைக் கெடுக்கிறது என்று வீட்டில் தினமும் சண்டை. அப்பா நான்கு நாள் போட்டுப் பார்த்தார், காது வேர்க்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அம்மா அதை எடுத்தாள். டிவியில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கி ரேடியோவின் காதுத்துளையில் செருகலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பொருந்துகிறதா என்று பார்த்தாள், பொருந்தியது. அவ்வளவுதான்.

அது ரேடியோ அலையில் இயங்கும் வகை. அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவையும் உண்டு. அவை பீடத்துக்கு நேரெதிரே உட்கார்ந்தால்தான் பாடும், நடுவில் சுவர் வந்தால் நின்றுவிடும். இது சுவரைத் தாண்டும். கூடத்தில் பீடம், அடுப்படியில் அம்மா. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனால் பாட்டும் கூடவே படி ஏறும். உட்கார்ந்து கேட்க நேரமில்லாதவளுக்கு இந்தக் கம்பியில்லாமை எத்தனை பெரிய விஷயம் என்பதை அதை வடிவமைத்தவர்கள் நினைத்திருப்பார்களா தெரியாது. பெட்டியின் மேல் அட்டைப் படத்தில் ஒரு ஆண் சோபாவில் சாய்ந்திருந்தான்.

நான்கு வருடம் அவள் அப்படிக் கேட்டாள். என்ன கேட்டாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இன்று யோசித்தால் அதுதான் அந்த வீட்டில் நடந்த மிகப் பெரிய மீறல் என்று தோன்றுகிறது. அதற்குமுன் ரேடியோ பாடினால் எல்லோருக்கும் பாடும். யார் வேண்டுமானாலும் நிலையத்தை மாற்றலாம், சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம். இப்போது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தனியாகச் சிரித்தாள். அப்பா ஒருமுறை கேட்டார்: “யார்கூட சிரிக்கிற?” கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

இன்னொன்றும் நடந்தது. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கவில்லை. “இந்தா, தண்ணி கொண்டா” என்று கூடத்திலிருந்து அப்பா சொன்னால் மூன்றாம் முறை எழுந்து வர வேண்டியிருந்தது. அண்ணன் சாக்ஸைத் தானே தேடினான். நான் அறையில் இருந்தபடி “அம்மா, காபி” என்று கத்திவிட்டுக் காத்திருந்து, பதில் வராமல் எரிச்சலோடு போய் நின்றிருக்கிறேன். ஒருநாள் குக்கரின் விசில் கேட்காமல் பருப்பு அடிப்பிடித்தது. அந்த ஒரு குக்கர் பருப்பு எங்கள் குடும்ப வரலாற்றில் ஏறிவிட்டது. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அப்பா அதைச் சொல்லுவார், எல்லோரும் சிரிப்போம், அம்மாவும் சிரிப்பாள். அதே அடுப்படியில் அவள் ஒழுங்காக வேகவைத்த பல்லாயிரம் குக்கர் பருப்பைப் பற்றி ஒரு கதைகூட எங்களிடம் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டால் பார்க்காமல் இருக்கலாம். காதை அப்படி மூட முடியாது. வீட்டில் இருக்கும் பெண்ணின் காது பொதுச்சொத்து: குழந்தையின் அழுகை, பால் பொங்கும் சத்தம், வாசலில் மணி, மாமியாரின் இருமல், கணவனின் குரல், மோட்டார் ஓடி நிரம்பி வழியும் தண்ணீர். தூங்கும்போதும் அது பணியில் இருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதுகிற பெண்ணுக்குத் தனக்கென ஒரு அறையும் கொஞ்சம் பணமும் வேண்டும் என்றார். பூட்டுப் போடக்கூடிய அறை கிடைக்காத பெண்ணுக்கு அந்த இரண்டு பஞ்சு வட்டங்கள் ஒரு அறைதான். அதில் இருந்துகொண்டே அவளால் சாம்பாருக்குத் தாளிக்கவும் முடிந்தது. அறை என்றால் வேலையிலிருந்து விடுதலை இல்லையா என்று கேட்கலாம். இல்லை, அவளுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தது காதுக்கு மட்டும்.

பேட்டரி ஒரே நாளில் சாகவில்லை. முதலில் ஒரு நாள் முழுக்க வந்தது. பிறகு காலை மட்டும். பிறகு ஒரு மணி நேரம். 2011 வாக்கில், பீடத்திலிருந்து எடுத்து மாட்டிய பத்து நிமிடத்தில் கரகரவென்று இரைந்து அணைந்துவிடும். அம்மா அதை மூன்று பேரிடமும் தனித்தனியாகக் காட்டினாள். “பழசாயிடுச்சு” என்றார் அப்பா. “இதுக்கெல்லாம் இங்க பார்ட்ஸ் கிடைக்காதும்மா” என்றான் அண்ணன். நான் “பார்க்கலாம்மா” என்றேன்.

பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் ‘முடியாது’ என்பதன் மரியாதையான வடிவம். நான் அப்போது இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் பொட்டன்ஷியோமீட்டர் வைத்து மின்கலங்களின் மின்னியக்கு விசையை அளந்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ரீசார்ஜ் பேட்டரிக்கு ஆயுள் உண்டு, சில நூறு முறை ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவு குறையும், அது மாற்றக்கூடியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை அம்மாவின் பொருளோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. காபி கேட்டால் மறுபடி உடனே கிடைக்கத் தொடங்கியிருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். நாங்கள் யாரும் அவளிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஹெட்போனை யாரும் ஒளித்துவைக்கவில்லை, உடைக்கவில்லை, போடாதே என்று சொல்லவும் இல்லை. ஒரு பேட்டரி தன் இயல்பில் தேய்ந்தது, நாங்கள் சும்மா இருந்தோம். சும்மா இருப்பது குற்றமா? செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் இடையே ஒழுக்க ரீதியில் வேறுபாடு உண்டா என்று தத்துவ வகுப்பில் கேட்பார்கள். குளத்தில் தள்ளுவதும், மூழ்குபவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒன்றா என்ற மாதிரி பெரிய எடுத்துக்காட்டுகள் சொல்வார்கள். குடும்பத்துக்குள் நடக்கும் அநீதிக்கு அந்த எடுத்துக்காட்டுகள் பொருந்துவதில்லை. இங்கே யாரும் மூழ்குவதில்லை. ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்கவில்லை. பதினொரு வருடம்.

அந்தப் பதினொரு வருடத்தில் எங்கள் வீட்டில் என்னென்ன பழுதுபார்க்கப்பட்டன என்று நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் மோட்டார் நின்றால் அன்றைக்கே ஆள் வரும். அப்பாவின் ஸ்கூட்டர் காலையில் மெக்கானிக்கிடம் போனால் மாலையில் திரும்பும். டிவியில் கோடு விழுந்தால் இரண்டு நாள். மிக்ஸி நின்றால் அண்ணனே தூக்கிக்கொண்டு ஓடுவான். மிக்ஸி அம்மாவின் கருவிதானே என்று நினைக்கலாம். இல்லை, அம்மாவின் கையில் இருக்கும், எல்லோருடைய நாக்குக்குமான கருவி. அவளுடைய கை வழியாக மற்றவர்களுக்குப் போய்ச் சேரும் எதுவும் எங்கள் வீட்டில் பழுதாகிக் கிடந்ததில்லை. அவளிடமே நின்றுவிடும் பொருள்கள்தான் கிடந்தன: மூக்குக்கண்ணாடியின் தளர்ந்த திருகாணி, தையல் மெஷினின் அறுந்த பெல்ட், இந்த ஹெட்போன். ஒரு வீட்டில் அதிகாரம் எப்படிப் பரவியிருக்கிறது என்று அறிய யாரையும் நேர்காணல் செய்ய வேண்டியதில்லை. எது முதலில் ரிப்பேர் ஆகிறது, எது பரணுக்குப் போகிறது என்று ஒரு வருடம் குறித்து வைத்தால் போதும். மாணவிகள் யாராவது இதைச் செய்து பாருங்கள். உங்கள் பெயர் எந்தப் பக்கம் வருகிறது என்றும் பாருங்கள்.

எங்களுக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வராதபடி நாங்கள் வசதியாக இருந்தோம். இந்த வகை அறியாமைக்கு ஒரு பலன் உண்டு, அந்தப் பலனை யாரோ அனுபவிக்கிறார்கள். ஆண்களின் அறியாமையைப் பற்றிப் பெண்ணியவாதிகள் நிறையவே எழுதியிருக்கிறோம்: சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று முப்பது வருடம் தெரியாமல் இருக்கும் கணவன். என் அறியாமையும் அந்த உப்புதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. அம்மாவின் உழைப்பைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசத் தொடங்கிய பிறகும், அந்தப் பை அதே பரணில்தான் இருந்தது.

அன்று ஹெட்போனைத் திறந்தோம். ‘தோம்’ என்று எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது. பேட்டரி எங்கே என்று வெளியே எந்தக் குறியும் இல்லை. இடது காதின் பஞ்சு வட்டத்தை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வந்தது. அதன் கீழே ஒரு சின்ன மூடி. அதற்குள் டிவி ரிமோட்டில் போடும் அளவில், ட்ரிபிள் ஏ என்கிறார்களே, அந்த அளவில் இரண்டு பேட்டரிகள். அம்மா எட்டிப் பார்த்தாள். “இவ்ளோதானா?” என்றாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

பேட்டரிகளின் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். நாளாகிக் கசிந்தால் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக வெளுத்துப் பூக்கும். கையால் தொடக் கூடாது. நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா அரை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். செம்புப் பாத்திரத்துப் பச்சையைப் புளியால் எடுப்பவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் சாற்றைத் தொட்டு வைத்ததும் மெல்ல நுரைத்தது. பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. ஸ்பிரிங் கம்பி கொஞ்சம் கறுத்திருந்தது, அதை நகம் தேய்க்கும் அரத்தாளால் நான் தேய்த்தேன். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அதில் ஐந்து நிமிடம் எலுமிச்சம்பழம் தேடியது.

பேட்டரி வாங்கியது சென்னையில், ரிச்சி தெருவில். முதல் கடையில் இருந்த தம்பி சாதாரண ஆல்கலைன் பேட்டரியை நீட்டினார். “மேடம், இதையே போடுங்க. அது 1.2 வோல்ட், இது 1.5. இன்னும் நல்லாப் பாடும்.” பாடும்தான். ஆனால் பீடத்தில் தொங்கவிட்டதும் அதற்கும் சார்ஜ் ஏறத் தொடங்கும். சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரி அது, சூடாகிக் கசியும், வெடிக்கவும் கூடும். நான் இதைச் சொன்னபோது அவர் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற ஆணைப் பார்த்து “சார், உங்களுக்கு?” என்றார். அவர் என்னோடு வந்தவர் இல்லை. இரண்டாவது கடையில் கேட்டது கிடைத்தது. அதிக மில்லியாம்பியர் உள்ளது வேண்டாம், 800 போதும் என்று வாங்கினேன். பீடத்தின் சார்ஜர் பழையது, மெதுவாக ஏற்றுவது, பெரிய கொள்ளளவை நிரப்ப அதற்கு நேரம் பிடிக்கும். தானாகச் சார்ஜ் இறங்காத வகையாகவும் கேட்டு வாங்கினேன். பழைய வகைகள் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் வடிந்துவிடும். 2005க்குப் பிறகு வந்த இந்த வகை ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதியைத் தக்கவைத்திருக்கும். இரண்டும் சேர்த்து 280 ரூபாய்.

இந்த ஹெட்போன் ஓரளவு நேர்மையானது. சிலவற்றில் பேட்டரி அறையில் மூன்றாவதாக ஒரு தகடு இருக்கும். அந்த நிறுவனத்தின் பேட்டரியில் மட்டும் அடிப்பக்கம் பிளாஸ்டிக் உறை இல்லாமல் உலோகம் தெரியும், அந்தத் தகடு அதைத் தொட்டால்தான் சார்ஜ் ஏறும். அதே அளவில், அதே வோல்ட்டில் கடையில் கிடைக்கும் சாதாரண ரீசார்ஜ் பேட்டரியைப் போட்டால் பாடும், ஆனால் பீடத்தில் வைத்தால் சார்ஜ் ஏறாது. உறையின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்து இதை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று எல்லோர் காதிலும் இருக்கும் சின்ன இயர்பட்களில் அந்த வழியும் இல்லை. லித்தியம் அயன் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி மூடிவிடுகிறார்கள், திறந்தால் உடையும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்தால் நல்ல நிலையில் இருக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

சட்டங்கள் மெதுவாக நகர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறையின்படி, கருவிகளில் உள்ள சிறிய பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே எளிதாகக் கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும். விதிவிலக்குகள் போக, 2027 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்தது, இணையதளம் ஒன்றும் தொடங்கியது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் ‘பயன்படுத்துபவர்’ என்று சட்டம் சொல்லும்போது யார் மனதில் வருகிறார்? அம்மாவின் ஹெட்போனைத் திறக்க எந்தச் சிறப்புக் கருவியும் தேவைப்படவில்லை, ஸ்குரூ டிரைவர்கூட வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் திறக்கக்கூடியதாகத்தான் இருந்தது. திறக்கலாம் என்ற நினைப்பு அவளுக்கு அனுமதிக்கப்படவில்லை. கரண்டு சாமானில் கை வைக்காதே என்று அறுபது வருடம் சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். ஆயிரம் டிகிரி சுடும் நெருப்பில் தினமும் மூன்று வேளை கை வைக்கலாம், 1.2 வோல்ட் பேட்டரியில் வைக்கக் கூடாது.

பெண்களுக்கு நுட்பமான வேலை வராது என்று யாரும் இப்போது வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் கைபேசிகளைப் பூட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014இல் அது மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களிலும் அவர்களே அதிகம். சின்ன விரல், பொறுமை, கண் கூர்மை என்று காரணம் சொல்லி எடுத்தார்கள். அதே கைபேசி பழுதானால் போகும் கடைத்தெருவில் திறந்து பார்க்கிற பெண்ணை எத்தனை கடையில் பார்த்திருக்கிறீர்கள்? பூட்டுவதற்குப் பெண், திறப்பதற்கு ஆண். பிறகு எல்லாம் முடிந்து குப்பையாகும்போது மறுபடி பெண். மின்கழிவும் பிற குப்பையும் பிரிக்கும் அமைப்புசாரா வேலையில் உலகம் முழுக்க 1.29 கோடிப் பெண்கள் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. பூட்டும்போதும் பிரிக்கும்போதும் அவளுக்கு அந்தப் பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. திறந்து சரிசெய்பவருக்குத்தான் அது தெரிய வேண்டும். அந்த இடத்தில் அவள் இல்லை.

இங்கே நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழுதுபார்ப்பதைப் புகழ்ந்து எழுதுவது இப்போது எளிது. தூக்கிப்போடாதே, சரிசெய், பூமியைக் காப்பாற்று. இதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு முள் நிமிர்கிறது. சரிசெய்து வாழ் என்றுதானே எங்களுக்குக் காலம் காலமாகச் சொல்லி வந்தீர்கள்? அடிக்கிற கணவனிடம் திருப்பி அனுப்பும்போது, பஞ்சாயத்திலும் குடும்ப ஆலோசனையிலும் சொல்லும் வார்த்தையும் அதுதான்: கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. கிழிந்த உறவைத் தைப்பதும், குடிகாரனைத் திருத்துவதும், மனம் உடைந்த மகனைத் தேற்றுவதும் பெண்ணின் ரிப்பேர் கடை. கூலி கிடையாது, விடுமுறை கிடையாது. இதில் ஹெட்போனையும் நீயே சரிசெய்துகொள் என்று சேர்த்துவிடலாமா?

சிமோன் த பொவ்வார் ‘இரண்டாம் பாலினம்’ நூலில் வீட்டுவேலையைச் சிசிபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். துடைத்தது அழுக்காகும், அழுக்கானதைத் துடைக்க வேண்டும், முடிவே இல்லை. ஹன்னா ஆரெண்ட் 1958இல் வந்த தன் நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்தார். உழைப்பு உயிர் வாழ்வதற்கானது, செய்த உடனே தின்று தீர்க்கப்படுவது, எதையும் மிச்சம் வைக்காதது. ஆக்கம் நிலைத்து நிற்கும் பொருளைத் தருவது. அந்தப் பிரிவினையில் சோறு எங்கே, நாற்காலி எங்கே என்று எளிதில் சொல்லிவிடலாம். நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்வது எங்கே? அது புதிதாக ஒன்றையும் உண்டாக்கவில்லை, அதனால் ஆக்கம் இல்லை. ஆனால் நாற்காலி இன்னும் பத்து வருடம் நிற்கிறது, அதனால் தின்று தீர்ந்த உழைப்பும் இல்லை. ஜோன் ட்ரோன்ட்டோவும் பெரெனிஸ் ஃபிஷரும் 1990இல் பராமரிப்பை வரையறுத்தபோது, உலகத்தைப் பேணுவது, தொடரச் செய்வது, பழுதுபார்ப்பது மூன்றையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஒருவகையில் எங்கள் தெருக்களில் இது எப்போதோ தெரிந்த விஷயம். அம்மி கொத்த உளியோடு வந்த பெண்கள் குரல் கொடுத்துப் போவார்கள். தேய்ந்த கல்லை மறுபடி அரைக்கிற கல்லாக்குவது அவர்கள் கை. கூலி பேசி, அரிசியோ காசோ வாங்கிக்கொண்டு செய்தார்கள். அதைத் தியாகம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆக, சரிசெய்வது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்று நினைக்கிறேன். சரிசெய்த பிறகு யாருடைய நேரம் யாருக்குப் போகிறது என்று கேட்கலாம். கணவனோடு ‘சரிசெய்துகொள்ளும்’ பெண்ணின் நேரம் அவளிடமிருந்து போகிறது. ஹெட்போனின் பேட்டரியை மாற்றினால் கொஞ்சம் நேரம் அவளிடம் திரும்பி வருகிறது. உடைந்ததைத் தூக்கிப்போடும் உரிமையும் சரிசெய்யும் உரிமையும் ஒருத்தியிடமே இருக்கும்போதுதான் இரண்டில் ஒன்றை அவள் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்ல முடியும். அம்மாவுக்கு வாழ்க்கையில் தூக்கிப்போட முடியாதவை நிறைய இருந்தன. சரிசெய்ய முடிந்ததும் பரணுக்குப் போயிற்று.

(பெண்ணைப் பேட்டரியோடு ஒப்பிட்டு இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். தேய்வது, மறுபடி ஏற்றுவது, மற்றவர் இயங்கச் சக்தி கொடுப்பது. நன்றாகத்தான் வந்தது. அடித்துவிட்டேன். பேட்டரிக்கு வலிக்காது.)

சித்திரையில் திருச்சிக்குப் போனபோது எடுத்துப் போனேன். அப்பா 2019இல் இறந்துவிட்டார். அண்ணன் பெங்களூரில். வீட்டில் அம்மா மட்டும். முன்னிரவே பீடத்தில் தொங்கவிட்டுச் சார்ஜ் ஏற்றி, காலையில் ரேடியோவில் செருகி அவள் தலையில் மாட்டினேன். பஞ்சு உறை கையில் உதிர்ந்தது, அதற்குப் பழைய பனியன் துணியில் ஒரு உறை அவளே தைத்திருந்தாள். பாட்டு வந்தது. முகம் மாறும் என்று காத்திருந்தேன், வெட்கமில்லாமல் அதைத்தான் காத்திருந்தேன். அவள் பத்து நிமிடம் கேட்டாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் கேக்குது.”

“அப்புறம் ஏம்மா கழட்டிட்ட?”

“இப்ப யாருடி என்னைக் கூப்பிடறா? சத்தமா வச்சே கேக்கலாமே.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கொஞ்சம் நேரம் கழித்துச் சொன்னாள்: “அதோட, தனியா இருக்கறவ இதை மாட்டிக்கிட்டா வாசல்ல யாரு வந்தாலும் தெரியாது. போன் அடிச்சா தெரியாது. பயமா இருக்கு.”

வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது அவள் காதை அவர்களிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது. இப்போது ஆட்களே இல்லாத வீட்டில் அவள் காதே அவளுக்குக் காவல். 280 ரூபாய்க்கு நான் வாங்கிவந்தது 2011இல் தேவைப்பட்ட பொருள். அன்றைக்கு என் எரிச்சலுக்குக் கொஞ்சம் பரிகாரம் தேடித்தான் ரிச்சி தெருவில் அலைந்தேனோ என்று நினைத்தேன். பழைய பேட்டரி இரண்டும் கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தன. வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது, தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. எங்கே கொடுப்பது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. குப்பை வண்டியோடு வரும் அக்கா கையுறை இல்லாமல் பிரிப்பதைப் பார்த்த பிறகு அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டப்பா மறுபடி என்னோடு சென்னைக்கு வந்தது.

அடுத்த முறை போனபோது ஹெட்போன் பரணில் இல்லை. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் பீடத்தோடு இருந்தது. “நீ இருக்கற நாள்ல மட்டும் போட்டுக்கறேன்” என்றாள். “அடுப்புல பருப்பு இருக்கு. மூணு விசில். பால்காரர் வந்தா ஒரு லிட்டர் வாங்கி வை. என்னைக் கூப்பிடாதே.”

துணி வாளியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். நான் கூடத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். வாசல் பக்கம் ஒரு காது, அடுப்படிப் பக்கம் ஒரு காது. இரண்டு வரிக்குமேல் தொடர்ந்து எழுத முடியவில்லை. இப்போது இரண்டாவது விசில்.